சேலையா வேட்டியா

மியூசியம், கண்காட்சி என்று சுற்றிப் பார்க்கிற ஆள் இல்லை நான். வேன் ஓட்டுகிறவன். புதுப்பட்டினத்தில் குடியிருக்கும் ஆபீஸ்காரக் குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் இறங்கிக் கல்லைப் பார்ப்பார்கள். நான் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. "அண்ணா, நீங்க பாத்ததே இல்லையா?" என்று யாராவது வாயைப் பிளந்தால் எரிச்சல் வரும். கல் எங்கே ஓடிப்போகப் போகிறது? எனக்குத் தூக்கம் முக்கியம்.

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சென்னையில் ஒரு மியூசியத்தில் ஹால் ஹாலாக நடந்தேன். எப்போதோ செத்துப்போன ஒருவர் ஆணா பெண்ணா என்று விசாரிப்பதற்காக.

செங்கல்பட்டிலிருந்து வேடந்தாங்கல் போகிற பக்கம் எங்கள் ஊர். அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரு துண்டு மேடு. சரளை மண், ஒன்றும் விளையாது. அதில் வீடு கட்டலாம் என்று கடைக்கால் போட்டோம். செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்க ஜேசிபி வந்தது. கொஞ்ச ஆழம் போனதும் ஓட்டினவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"அண்ணாத்த, கீழ இன்னாமோ கீது. வந்து பாரு."

எட்டிப் பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி மாதிரி நீளமாக ஒன்று, சுட்ட மண்ணில் செய்தது. ஜேசிபி பல் பட்டு ஓரம் உடைந்திருந்தது. மண் சரிந்த பக்கம் அடியில் இரண்டு வரிசையாகக் குட்டைக் கால்கள். பன்றி ஒருக்களித்துப் படுத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போது வரிசையாகக் காம்பு தெரியுமே, அதைக் கவிழ்த்துப் போட்டது மாதிரி. உள்ளே மண். மண்ணுக்குள் சின்னச் சின்னச் சட்டிகள். ஒரு சட்டியின் பக்கத்தில் துண்டு எலும்பு.

கடைக்காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி ஹோஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பார்த்தாள். அப்படியே குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரோ கீறாங்க" என்றாள். இருந்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

வி.ஏ.ஓ.வுக்குச் சொன்னோம். தாலுகா ஆபீஸிலிருந்து வந்தார்கள். பிறகு தொல்லியல் ஆட்கள் வந்து, கூடாரம் போட்டு, பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மண்ணைத் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். எனக்கு வேலை நின்றுபோன கடுப்பு. ஒரு நாள் சாக்கும் பஞ்சும் சுற்றி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விட்டது சனி என்று செப்டிக் டேங்கை வீட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன்.

ஊரில் பேச்சு நிற்கவில்லை. அது மதமதக்கா தாழியாம், முதுமக்கள் தாழி என்று படித்தவர்கள் சொல்வது. அந்தக் காலத்தில் வயதாகியும் சாகாமல், உடம்பு குன்றிக் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறவர்களை, ஒரு விளக்கும் கொஞ்சம் சோறும் வைத்து உயிரோடு உள்ளே உட்காரவைத்து மூடிவிடுவார்களாம். டீக்கடையில் இதைச் சொன்னவன் கூட இருந்து பார்த்தவன் மாதிரிச் சொன்னான். நான் திட்டிவிட்டு வந்தேன். ஆனால் அது என் மனைவி காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீடு முடிந்தது. பெயிண்ட் அடித்தாயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கலாம் என்றேன். எங்கள் பக்கம் எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் நடுவீட்டுப் படையல் போடுவோம். குடும்பத்தில் செத்தவர்களுக்கு இலை போட்டு, சோறு வைத்து, புதுத்துணி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். பெண்ணுக்குச் சேலை, ஆணுக்கு வேட்டி. படைத்த துணியைப் பிறகு வீட்டில் யாராவது உடுத்திக்கொள்வார்கள்.

துணி எடுக்கப் போகலாம் என்று கிளம்பின அன்றைக்குத்தான் அவள் ஆரம்பித்தாள்.

"உங்க அப்பாவுக்கு வேட்டி. உங்க அம்மாவுக்குச் சேல. அதுக்கு இன்னா வைக்கிறது?"

"எதுக்கு?"

"நம்ம மண்ணுல இருந்துச்சே, அதுக்கு."

"அது இன்னா நம்ம சொந்தமா மே?"

"நாம வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்தாங்க. அவங்க வூடு அது. அவங்கள தூக்கிக் கடாசிட்டு, நாம உள்ள போயி பால் காச்சிக் குடிப்பமா?"

"நான் எங்க கடாசினேன்? கவர்மெண்டு எடுத்துகினு போச்சு."

"நீ கேட்டியா? இந்த மாதிரி தூக்கறோம், வரீங்களான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"யார்ன்ட கேக்கறது? எலும்பாண்டயா?"

"அவங்களுக்கும் எல போட்டுக் கும்புட்டாத்தான் நான் அந்த வூட்டுல கால் வைப்பேன். ஆம்பளையா பொம்பளையான்னு தெரியணும். இல்லன்னா இன்னா துணி வைக்கிறது?"

"ரெண்டையும் வச்சிடு. முடிஞ்சுது."

"ஆம்பளைக்குச் சேல வச்சா அது மரியாதையா? உனுக்கு நான் சேல எடுத்தாந்தா கட்டிக்குவியா நீ?"

ஒரு வாரத்தில் சரியாகிவிடுவாள் என்று நினைத்தேன். ஆகவில்லை. வீடு கட்டும்போது தங்குவதற்கென்று பக்கத்தில் ஷீட் போட்டு ஒரு கொட்டகை வைத்திருந்தோம். அதிலேயே இருந்தோம். வெயிலில் ஷீட் வேகும். மழையில் ஆணி ஓட்டை வழியாக ஒழுகும். எதிரே டைல்ஸ் போட்ட என் வீடு பூட்டிக் கிடக்கும். சாவி என் இடுப்பில். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். என் மச்சான் ஒருத்தன், "இன்னா மச்சான், வூட்ட கட்டி வாட்ச்மேன் வேல பாத்துகினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனோடு அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளுக்கு ஒரு பழக்கம். லீவு நாளில் கண்காட்சி பார்க்கப் போய்விடுவாள். சென்னையில் எங்கெங்கோ பங்களாக்களில் சுவரில் படம் மாட்டி வைத்திருப்பார்களாம். அதைப் போய் நின்று பார்ப்பாளாம். "எவ்ளோ நேரம் பாப்ப?" என்று ஒரு தடவை கேட்டேன். "தோண்ற வரைக்கும் நைனா" என்றாள். என்ன தோன்றும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள்தான் போன் செய்தாள். மியூசியத்தில் புதிதாக ஒரு கண்காட்சி போட்டிருக்கிறார்களாம். செங்கல்பட்டுப் பக்கம் மண்ணுக்குள் கிடைத்த சாமான்களாம். "நம்ம ஊர் பேரு எழுதியிருக்காங்க நைனா. கால் வச்ச தொட்டி ஒண்ணு கீது."

நான் "அப்படியா" என்பதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கி, "உள்ள ஆள் கீறாங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். "பேர்லயே கீது பாரு, செத்தவங்க எல்லாரையும் அங்கதான் வச்சிருப்பாங்க" என்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் என் மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். மடியில் ஒயர் கூடை. அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்பூரம், முழம் பூ. துணி மட்டும் வாங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குவதாம்.

மகள் மியூசியம் வாசலில் நின்றிருந்தாள். கூடையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. வாசலில் பை சோதிக்கிற அம்மா கூடைக்குள் கையை விட்டுத் தேங்காயை எடுத்தாள்.

"இன்னாம்மா இது? கோயிலுக்கு வந்தியா?"

"இல்லம்மா. ஒருத்தர பாக்க வந்தோம்."

"ஆரு? இங்க வேல செய்யறவங்களா?"

"இல்ல. எங்க ஊர்க்காரங்க. இங்க கொண்டாந்து வச்சிருக்காங்களாம்."

"ஆஸ்பத்திரி வேற ரோடும்மா. இது மியூசியம்."

"மியூசியத்துலதாம்மா வச்சிருக்காங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். மகள் தரையைப் பார்த்தாள். கடைசியில் கூடையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். வெற்றிலையையும் பழத்தையும் என் மனைவி எப்போது முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

முதலில் கற்சிலை ஹால். அங்கேயே எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. எல்லாம் சாமி. பெருமாள், அம்மன், பிள்ளையார், பெயர் தெரியாத சாமிகள். ஆனால் விளக்கு இல்லை, பூ இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஒவ்வொருத்தர் காலடியிலும் ஒரு நம்பர். ஒரு அம்மனுக்கு மூக்கே இல்லை. பக்கத்தில் ஒருவன் அம்மன் தோள்மேல் கை போடுகிற மாதிரி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். கும்பிடுவதா, வேண்டாமா? எனக்குக் கை பாதி எழுந்தது. யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்த கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

என் மனைவி ஹால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். மகள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"ம்மா, இங்கல்லாம் செருப்பு போட்டுக்கலாம்."

"சாமி நிக்குது, செருப்பு போடச் சொல்ற?"

"இது சாமி இல்லம்மா. சிலை."

"அப்ப நம்ம ஊரு கோயில்ல இருக்கறது?"

"அது சாமி."

"அது கல்லு இல்லியா?"

மகள் செருப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பொறியியல் படித்தவள்தான்.

அடுத்தது பறவை ஹால். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கூழைக்கடா. உள்ளே பஞ்சு அடைத்து நிறுத்தியிருந்தார்கள். பை மாதிரித் தொங்குகிற அதன் தாடை காய்ந்து தோல் செருப்பு மாதிரி ஆகியிருந்தது. எங்கள் ஏரியில் கார்த்திகை மார்கழியில் இது கூட்டமாக வந்து மரத்தையே வெள்ளை அடித்துவிடும். அதைப் பார்க்கப் பட்டணத்துக்காரன் எங்கள் ஊருக்கு வருகிறான். நான் பட்டணத்துக்கு வந்து இதைப் பார்க்கிறேன். எவனுக்குக் கிறுக்கு என்று தெரியவில்லை.

பிறகு வழி தவறி ஓவியக் கூடத்துக்குள் போய்விட்டோம். மகளுக்கு அங்கே முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு படமாக நின்றாள். நானும் ஒன்றின் முன்னால் நின்றேன். ஆள் உயரத்துக்குக் கறுப்பு. கறுப்புதான், வேறொன்றும் இல்லை. கீழே மட்டும் மண் நிறத்தில் ஒரு தீற்றல். தலைகீழாக மாட்டியிருக்கிறார்களோ என்று குனிந்து பார்த்தேன். குனிந்தாலும் கறுப்பாகத்தான் இருந்தது.

"இது இன்னாடி?" என்று மகளைக் கேட்டேன்.

"உனக்கு இன்னா தோணுதோ அதுதான் நைனா."

"எனுக்கு கோவம் வருது."

"அப்ப அதுதான்."

இது ஒரு பதிலா? திட்டலாம் என்று திரும்பினால், என் மனைவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு மேல நின்னு குழிய பாத்தேனே, இதே மாதிரிதான் இருந்துது" என்றாள். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. அந்தக் கறுப்பில் அவளுக்கு எப்படிக் குழி தெரிந்தது, எனக்கு ஏன் தெரியவில்லை? நானும் அதே குழியைத்தானே பார்த்தேன்?

கண்காட்சி ஹால் கடைசியில் இருந்தது. குளிர்பதனம், மங்கலான விளக்கு. சுவரில் எங்கள் மாவட்டத்தின் பெரிய வரைபடம். நடு ஹாலில், மேடைமேல், மேலே இருந்து ஒரு விளக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி, அது இருந்தது. அதே நீளம். அதே குட்டைக் கால்கள். உடைந்த ஓரம்கூட அப்படியே. உள்ளே மண், சட்டிகள், எலும்பு.

என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து வெற்றிலையை எடுத்து, அதன்மேல் பழத்தை வைத்து, கையைக் கயிற்றுக்கு அடியில் நீட்டி மேடை ஓரத்தில் வைத்தாள்.

"தாயேன்னு கூப்புடறதா, ஐயான்னு கூப்புடறதான்னு தெரியல" என்று ஆரம்பித்தாள். "தெரியாம தோண்டிட்டாங்க. கக்கூசுக்குத் தோண்டினாங்க, அதையும் சொல்லிடறேன். கோச்சுக்காத. இப்ப வேற பக்கம் மாத்திட்டோம். உன்ன உயிரோட வச்சாங்கன்னு சொல்றாங்க. உள்ள எவ்ளோ நாளு கீறியோ, எத்தினி கத்தினியோ, ஆருக்கும் கேக்கல. வெளிய வந்ததும் தூக்கி வண்டியில ஏத்திட்டாங்க. நானும் பாத்துகினு நின்னேன். எங்க வூட்டாண்ட நீ வரலாம், போலாம். நீ ஆருன்னு மட்டும் சொல்லு..."

அழுதுகொண்டே பேசினாள். பக்கத்தில் இருந்தவர்கள் விலகி நின்றார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்லலாமா, கூட நின்று கும்பிடலாமா?

அதற்குள் காவலாளி ஓடி வந்தார்.

"ஏம்மா, ஏம்மா! எழுந்திரும்மா. பழம்லாம் இங்க வைக்கக் கூடாது."

"எங்க ஊர்க்காரங்கம்மா... ஐயா" என்றாள் இவள்.

"ஊர்க்காரங்களா? அது ஃபைபரும்மா! மாடலு. ஜனங்க பாக்கறதுக்குச் செஞ்சு வச்சிருக்கு. எலும்புகூட செஞ்சதுதான். தோ பாரு." அவர் குனிந்து தொட்டி ஓரத்தை விரலை மடக்கித் தட்டினார். டொக் டொக் என்று பிளாஸ்டிக் பக்கெட் மாதிரிச் சத்தம் வந்தது.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"தட்டாத."

"இன்னா?"

"தட்டாதன்றேன்ல?"

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னமும் தெரியாது. அது ஃபைபர் என்று அவர் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் பிடித்தேன். பொம்மையைத் தட்டினால் எனக்கென்ன? அவரும் நல்ல மனுஷர்தான். சண்டைக்கு வரவில்லை. "இருங்க, மேடத்த கூப்புடறேன்" என்று போனார்.

என் மனைவி எழுந்திருக்கவில்லை. "பொம்மையா?" என்று என்னைக் கேட்டாள். "பொம்மையாண்டயா இவ்ளோ சொன்னேன்? அப்ப அவங்களுக்குக் கேட்டிருக்காதா?"

வந்த மேடம் சின்னப் பெண். மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். கழுத்தில் அடையாள அட்டை. நாங்கள் யார், எந்த ஊர் என்று கேட்டதும், தரையில் என் மனைவிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நிஜமானது உள்ள ஸ்டோர்ல இருக்கும்மா. இன்னும் வேலை நடக்குது. பொதுமக்களைக் கூட்டிட்டுப் போக எனக்கு அனுமதி கிடையாது. ஆனா பத்திரமா இருக்கு."

"படுக்க வச்சிருக்கீங்களா?"

"தனித்தனியா, பஞ்சு வச்சு, பெட்டியில."

"ஆம்பளையாம்மா, பொம்பளையா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலம்மா. கிடைச்சதெல்லாம் சின்னச் சின்னத் துண்டு. அதை வச்சு சொல்ல முடியல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேலை கெட்டு, ரயில் ஏறி, மூக்கில்லாத அம்மனிலிருந்து பஞ்சடைத்த பறவை வரைக்கும் பார்த்துவிட்டு வந்து கேட்டால் தெரியலையாம்.

"இவ்ளோ படிச்சிருக்கீங்க, இவ்ளோ பெரிய கட்டடம் கட்டி ஏசி போட்டு வச்சிருக்கீங்க. ஆணா பொண்ணான்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியலன்னா எதுக்கும்மா இதெல்லாம்?"

"சார், உங்களுக்காக ஏதாவது ஒண்ணு சொல்லிடட்டுமா? பொண்ணுன்னு சொல்றேன். சேலை வாங்கிட்டுப் போறீங்களா?"

மகள் இதற்குள் சேலை வேட்டிக் கதையை அவளிடம் சொல்லியிருந்தாள் போல.

"அது ஒருத்தரான்னுகூடத் தெரியல சார். ரெண்டு பேர் எலும்பு கலந்திருக்கலாம். மூணு பேரும் இருக்கலாம். ஒரு துண்டு ரொம்பச் சின்னது. குழந்தையா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"உயிரோட வச்சாங்களே, மூணு பேரையுமா?" என் மனைவியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"உயிரோடவா? யார்ம்மா சொன்னா? இல்லவே இல்லம்மா. செத்து, ரொம்ப நாள் கழிச்சு, எலும்பை மட்டும் பொறுக்கி எடுத்துட்டு வந்து வச்சிருக்காங்க. அந்த எலும்புத் துண்டுங்க கிடந்த விதத்தைப் பார்த்தாலே தெரியும். இது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

"கத்தியிருக்க மாட்டாங்களா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நிஜமா."

என் மனைவி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக இவள் ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்ந்ததை நான் ஷீட் சூடு என்று நினைத்திருந்தேன். அவளும் சொல்லவில்லை. சேலையா வேட்டியா என்றுதான் என்னிடம் சண்டை போட்டாள்.

"துணி வச்சிருந்தாங்களாம்மா?"

"வச்சிருக்கலாம். வச்சிருந்தாலும் மக்கிப் போயிருக்கும். சட்டிங்கதான் நமக்குக் கிடைச்சுது. அதுல சாப்பாடு ஏதாவது வச்சிருப்பாங்கன்னு நினைக்கிறோம்."

"படையலா?"

அவள் சிரித்தாள். "நாங்க வேற பேர் சொல்லுவோம். நீங்க சொல்றது நல்லா இருக்கு."

காவலாளி மேடையிலிருந்து வெற்றிலையையும் பழத்தையும் எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். அவள் பழத்தை உரித்து, பாதியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள், பாதியை அவருக்கு. ஹாலுக்குள் சாப்பிடக் கூடாதாம். இரண்டு பேரும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும்போது ரயிலில் அவள் கேட்டது ஒன்றுதான். "எத்தினி எல போடறது?"

"எனுக்குத் தெரியாது" என்றேன். உண்மையில் தெரியாது. காலையில் ஆணா பெண்ணா என்று ஒரு கேள்வியோடு போனோம். சாயங்காலம் ஒருத்தரா, இரண்டு பேரா, மூன்று பேரா, அதில் குழந்தை உண்டா, பொம்மையிடம் சொன்னது போய்ச் சேருமா என்று கைநிறையக் கேள்வியோடு வந்தோம். இதற்கா டிக்கெட்?

அடுத்த ஞாயிறு மாமல்லபுரத்தில் வேனை நிறுத்திவிட்டு நானும் இறங்கிப் போனேன். பாறை முழுக்க ஆள், யானை, பூனை, சாமி. ரொம்ப நேரம் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

அந்த வாரத்திலேயே அவள் செங்கல்பட்டு மார்க்கெட்டிலிருந்து சட்டி வாங்கி வந்தாள். பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, கைக்குள் அடங்குகிற மாதிரிச் சின்னது ஒன்று.

"துணி?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சே, துணி மக்கிப் போச்சுன்னு. நாம வச்சாலும் மக்கித்தான் போவும். சட்டிதான் நின்னுச்சு. அதான் சட்டி."

"அப்ப சேலையா வேட்டியான்னு என்ன ஒரு வருசம் ஷீட்டுக்கடியில போட்டு வறுத்தியே, அது?"

"அப்ப தெரியல. இப்ப தெரிஞ்சுது."

என்ன தெரிந்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் அதற்கு வேறு ஒரு மியூசியம் போக வேண்டி வரும். விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு வேட்டியும் அம்மாவுக்குச் சேலையும் வைத்துக் கொட்டகையிலேயே நடுவீட்டுப் படையல் போட்டோம். பிறகு மூன்று சட்டியிலும் சோறு போட்டு, குழி எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கும்பிடும்போது பெயர் சொல்லவில்லை, தாயே என்றோ ஐயா என்றோ சொல்லவில்லை. "வாங்க" என்றாள். அவ்வளவுதான். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நான் நீட்டினேன். அவளே திறந்தாள்.

மறுநாள் காலை கிரகப்பிரவேசம். பால் பொங்கியது. எல்லாரும் பொங்குது பொங்குது என்று கத்தினார்கள். பேசாமலிருந்த மச்சான்கூட வந்து பந்தியில் உட்கார்ந்தான். என் மனைவி எனக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். குடிக்கப் போனவன் நின்றேன். அந்தப் பெண் சொன்ன ரொம்பச் சின்னத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. குழந்தையா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாளே. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மற்ற இரண்டு சட்டியிலும் சோற்றைக் காக்கை கொத்திப் போட்டிருந்தது. சின்னச் சட்டி காலியாக இருந்தது. குனிந்து அதில் ஊற்றப் போனேன்.

"இன்னா பண்ற?"

பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"சூடா கீது. ஆறட்டும்னு வந்தேன்."

அவள் டம்ளரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள்.

"அது சக்கர போடாத பாலு" என்றாள். "இரு, போட்டு எடுத்தாரேன்."